அருவிக்குள் நின்று அம்மாவிடம் பேசிய நாட்கள்

கோடு போட்ட தாளில் எழுதியும் என் எழுத்து மேலே ஏறிக் கீழே இறங்குகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே. முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இதை எழுத நாலு நாள் ஆனது. மருமகள் படம் பிடித்து நம் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். நானே எழுதினேன் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது!

நல்லெண்ணெய் வாசம்... என் பத்தொன்பதாவது வயது முழுக்க அதுதான். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. தென்காசியில் பெரியப்பா வீட்டில் படுக்கை. விடிந்ததும் குற்றாலத்துக்கு நடை.

நான் பிறந்தது ரங்கூனில். அப்பா தென்காசிக்காரர், அம்மா பர்மாக்காரி. அப்பா அங்கேயே இறந்துபோனார். அறுபதுகளின் நடுவில் பர்மா அரசாங்கம் கடைகளைப் பறித்துக்கொள்ள, எங்கள் தெருத் தமிழர்கள் எல்லாரும் கப்பல் ஏறியபோது, அம்மா என்னையும் ஏற்றிவிட்டாள். நிலைமை சரியானதும் கூப்பிடுகிறேன் என்றாள்.

இங்கே நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். என் தமிழ் அப்படி இழுக்கும். அதனால் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். கடிதம் போடலாம் என்றால், தபால் ஆபீஸ் வாசலில் எழுதிக் கொடுப்பவருக்குத் தமிழ்தான் தெரியும். அம்மாவுக்கு அதைப் படித்துச் சொல்ல அந்தத் தெருவில் ஒரு தமிழரும் மிச்சமில்லை.

நாள் முழுக்க எத்தனையோ முதுகுகள்... பேச ஒரு முகம் இல்லை.

சீசனில் ஒரு நாள் அருவிக்குள் நின்றேன். பக்கத்தில் நின்றவர் ஏதோ கத்தினார். வாய் அசைந்ததே தவிர, ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். தினமும் வேலைக்கு முன்னால் அருவிக்குள் போய், அம்மாவின் மொழியில் உரக்கச் சொல்வேன். இங்கே சோறு கொட்டை கொட்டையாக இருக்கிறது... பெரியம்மா நேற்று முகம் கொடுத்துப் பேசவில்லை... எனக்கு இங்கே பிடிக்கவில்லை, சீக்கிரம் கூப்பிடு... தொண்டை வலிக்கும்வரை கத்துவேன். அழுதாலும் யாருக்கும் தெரியாது. அதன் பிறகு அந்த நாள் எப்படியோ ஓடிவிடும்.

மாசியில் தண்ணீர் மெலிந்தது. அருவி வற்றும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மெலிந்தாலும் அது தலையில் விழும்போது காதுக்குள் அதே இரைச்சல்தான். வெளியே நிற்பவர்களுக்கு என் குரல் கேட்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் காலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், மற்ற எண்ணெய்க்காரர்கள் நாலு பேரும் என்னையே பார்த்து நிற்கிறார்கள்.

"ஏலே பர்மா, தெனமும் யாருகிட்டலே சண்டை போடுத?"

கேட்டவர் மாடசாமி அண்ணாச்சி. எங்களில் மூத்தவர். என்னை அதிகம் கேலி செய்கிறவரும் அவர்தான்.

"வெளிய கேக்குதா அண்ணாச்சி?"

"ஒரு வாரமா கேட்டுக்கிட்டுதாம்லே நிக்கோம்."

அப்படியே ஓடிவிடலாம் போல இருந்தது. பொய் சொல்லும் அளவுக்குத் தமிழும் வரவில்லை.

"அம்மாகிட்ட பேசுதேன்... ரங்கூன்ல இருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர், "அப்ப இது தூரத்து ஊருக்குப் போடுத டிரங்க் கால்னு சொல்லு!" என்றார். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மறுநாள் நான் அருவிக்குள் போகாமல் ஒதுங்கி நின்றேன். அண்ணாச்சி தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"போலே, ஒங்கம்மா காத்துக்கிட்டு இருப்பா." பிறகு மற்றவர்களிடம், "ஏலே, சத்தம் போடாதிய. அவன் வீட்டுக்குப் பேசுதான்."

நான் தண்ணீரில் கால் வைக்கும்போது, "நாங்க கேட்டதா சொல்லுலே!" என்றார்.

சொன்னேன். நாலு பேர் பெயரையும் சொல்லிச் சொன்னேன்.

அதன் பிறகு நான் வெளியே வந்ததும், "இன்னிக்கு என்னலே சொன்ன?" என்று கேட்பார்கள். தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லச் சொல்ல என் தமிழ் திருந்தியது. அடுத்த சீசனில் தண்ணீர் கொட்டியது. நான் உள்ளே போய்ப் பேசுவது மட்டும் குறைந்துவிட்டது. எந்த நாளோடு நின்றது என்று ஞாபகம் இல்லை. அம்மா கூப்பிடவே இல்லை.

இப்போது பேரன் துபாயிலிருந்து தினமும் வீடியோவில் வருகிறான். "பிடிச்சிருக்காலே?" என்றால், "சூப்பரா இருக்கு தாத்தா" என்கிறான். அவன் அறையில் ஆறு பேர். அவர்கள் காதுபட வேறு என்னதான் சொல்வான்...

அம்மாவின் மொழியில் எனக்கு இன்று பத்துச் சொற்கள்கூட மிஞ்சவில்லை. இவ்வளவு எழுதியும் அவள் எப்படி இருப்பாள் என்று ஒரு வரி எழுதவில்லை, பாருங்கள். அடுத்த வாரம் அவள் முகத்தை எழுதுகிறேன். அதுவாவது தாளில் இருக்கட்டும்.