கேஸ் கொட்டகைக்கு ஒரு பொட்டு

எங்கள் அடுக்ககத்தின் அறுபத்து நான்கு சமையலறைகளுக்கும் எரிவாயு ஒரே இடத்திலிருந்து குழாயில் வருகிறது. காம்பவுண்டின் தென்கிழக்கு மூலையில், சிலிண்டர்களை வரிசையாக நிறுத்திய கம்பிவலைக் கொட்டகை அது. அக்கினிக்கு உரிய மூலை என்பதால் அங்கே கட்டினார்களாம். பாதுகாப்பு இடைவெளியும் சரியாக அமைந்தது தற்செயல்.

நான் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்ததை லிஃப்டில் ஒருமுறை வாய்தவறிச் சொன்னதால் பாதுகாப்புக் குழு ஆனேன். குழுவில் வேறு யாரும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, பதினோரு கேள்விகள் உள்ள படிவத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இந்த முறை அது ஆயுத பூஜையன்று வந்தது.

காலையில் போனபோது கொட்டகை வாழைக்கன்றுகளோடு மணமேடை போல் இருந்தது. ‘இங்கே தீ மூட்டக் கூடாது’ என்ற பலகைக்கு மாலை. அதன் கீழே பூசணிக்காய், அதன் தலையில் கற்பூரம். சங்கச் செயலாளர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தீப்பெட்டியோடு நின்றார்.

“சார், கற்பூரத்த வாசல் கேட் பக்கம் ஏத்திக்கலாமே.”

“வருஷா வருஷம் இங்கதாம்மா. லாரிக்குப் பண்றோம், லேத்துக்குப் பண்றோம். சோறு ஆக்கிக் குடுக்கிறதுக்குப் பண்ண வேணாமா? நீ கையெழுத்துப் போடு, ஆச்சு.”

ஏழாவது கேள்வி: கசிவு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா?

“ஜம்முனு இருக்கு. ஒரு வருஷமா ஒரு சத்தம் இல்ல.”

இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். அதனால் கருவி முழங்காலுக்குக் கீழே இருக்கும். குனிந்து பார்த்தேன். வாயுவை உணரும் துளைகளின் மேல் போன ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் இறுகிப் போயிருந்தன. யாரோ சிரமப்பட்டுக் குனிந்து, சரியாக நடுவில் வைத்திருக்கிறார்கள். கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர் தடவக் கொண்டுபோயிருந்த பிரஷ்ஷால் சுரண்டினேன். கருவி அலறியது.

“சும்மா இருந்தத ஏம்மா நோண்டின?”

“சார், தீப்பெட்டிய பாக்கெட்ல போட்டுட்டு வெளிய வாங்க.”

வந்தார். பிரதான வால்வை மூடிவிட்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். மூன்றாவது சிலிண்டரின் இணைப்பில் குமிழிகள் அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக வந்தன. செயலாளர் அவற்றையும், பூசணிக்காயையும், தன் பாக்கெட்டையும் பார்த்தார். பிறகு பூசணிக்காயைத் தானே வாசல் கேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

சிலிண்டரை மூடி, வாஷர் மாற்ற இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், “சுண்டல் பாதி வேக்காட்டுல நிக்குது, பாதுகாப்பு மேடம்” என்று ஒரு செய்தி. அதற்கு முப்பது கைகூப்புகள்.

‘பூஜையின் பலனாகக் கசிவு உரிய நேரத்தில் கண்டறியப்பட்டது’ என்று பின்னர் சங்கக் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. நான் மறுக்கவில்லை. அன்று படிவத்தில் பன்னிரண்டாவதாக ஒரு வரி சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்: பொட்டு, கருவியின் பக்கவாட்டில் மட்டும்.

செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். சந்தனக் கிண்ணத்தோடு மெல்லக் குனிந்தார்.

“இங்க வெச்சா பரவாயில்லயாம்மா?”

“இன்னும் கொஞ்சம் தள்ளி, சார்.”