பக்கத்து வீட்டில் பால் இருந்தது

பேகம்பூரில் குடியிருந்த அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், மகன் பிறந்த மறுமாதமே காய்ச்சல் வந்து எனக்குப் பால் வற்றிவிட்டது. பசும்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுக்கலாம் என்றேன். தோல் மண்டியிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் பவுடர் பால் டப்பா வாங்கி வந்திருந்தார். எது நல்லது என்று இரண்டு பேரும் சண்டை போட்டோம். பிள்ளை பசியில் கத்தினான்.

பக்கத்து வீட்டுக்காரியிடமும் கைக்குழந்தை இருந்தது, பெண். கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவளிடம் நீட்டினேன்.

"நீயே குடுத்துருடி."

மடியில் வாங்கிக்கொண்டாள். ஆனால் முந்தானையை விலக்கவில்லை.

"நான் குடுத்தா நம்ம மார்க்கத்துல இவனும் எம்மகளும் கூடப்பொறந்தவங்களாயிருவாங்கக்கா. அப்புறம் நிக்காஹ் பண்ண முடியாது. இவன் எனக்கு மருமகனா வரணும். அந்த டப்பாவையே கொண்டாங்க."

பால்மணம் மாறாத பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகிறாளே என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் பவுடரை வெந்நீரில் கரைத்துக் கொண்டுபோனேன். சங்கில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். அவன் சிணுங்கும்போதெல்லாம் அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. அதன்மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"குடிங்க மாப்புள, குடிங்க."