கப்பித்தான் உடுப்புக்கு ஒரு பெட்டி

துருக்கிப் பாஷாவின் தலைப்பாகைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத குட்டிகள், ஐந்தாறு இருக்கும். தலைப்பாகையை எடுத்து முதலில் தலையில் வைத்துக்கொண்டவன் என் தம்பி. அவன் போட்ட சத்தத்தில், யாரோ தன் வாத்துகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுச் சீனத்துக் கிழவி விளக்குமாறோடு ஓடி வந்துவிட்டாள்.

அந்தத் தலைப்பாகை போரியாவுக்காக வைத்திருந்தது. அந்தக் காலத்துப் பினாங்கில் மொகரம் பிறந்துவிட்டால் முதல் பத்து நாளும் தெருவெல்லாம் வேஷம்தான். கம்பத்துக்கு, அதாவது குடியிருப்புக்கு, ஒரு கூட்டம் கிளம்பும். கப்பல்காரர்கள், அரபிகள், காபூல்காரர்கள் என்று உடுப்பு மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். ஒருவர் மலாயில் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடிக்கொண்டே ஆடுவார்கள். பெரியவர்கள் இதைச் செய்யும்போது பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? டத்தோ கிராமாட்டில் எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கும் ஒரு கூட்டம் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் கிளம்பி மஃரிபு தொழுகைக்கு முன்னால் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது மட்டும்தான் எங்களுக்குக் கட்டுப்பாடு. பள்ளிவாசல் பெரியவர்களுக்கு இந்தக் கூத்து பிடிக்காது. வாப்பாவும் தமக்குப் பிடிக்காது என்றுதான் வெளியே சொல்லிக்கொள்வார். ஆனால் நாங்கள் அவருடைய மளிகைக்கடை வாசலுக்கு வரும் நேரம் பார்த்து சர்பத் கலக்கி வைத்திருப்பார்.

கூட்டத்துக்குத் தலைவர், பாட்டுக் கட்டுபவர், வேஷம் போட்டுவிடுபவர் எல்லாம் ஒரே ஆள், என் மாமா. உம்மாவின் ஒரே தம்பி. கலியாணம் ஆகாமல் எங்களோடேயே இருந்தார். துறைமுகத்து அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தைக்கிற வேலை. வாய் பிரிந்த மூட்டை, குத்தூசி கிழித்த மூட்டை எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். பாட்டுக் கட்டுவாரே தவிர மாமாவுக்குப் பாட வராது. அவர் வாயைத் திறந்தால் கிழவியின் வாத்துகள் பதில் கொடுக்கும். அதனால் அடி எடுத்துக் கொடுப்பவள் நான். கப்பல் கப்பித்தான் வேஷம். வெள்ளைக் காற்சட்டை, பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு, தொப்பி. தொப்பிக்குள் சடையைச் சுருட்டி வைத்துவிட்டால் என்னைப் பெண் பிள்ளை என்று யாரும் சொல்ல முடியாது. காற்சட்டையையும் கோட்டையும் தைத்தது உம்மா.

இத்தனை உடுப்பையும் மாமா கோணிச் சாக்கில் கட்டிக் கூரைக்கடியில் தொங்கவிட்டிருந்தார். அந்த வருஷ மழையில் கூரை ஒழுகியதில் பாதி பூசணம் பிடித்தது, மீதியில் எலி குடும்பம் நடத்தியது. எல்லாவற்றையும் கொளுத்திவிடச் சொன்னார் வாப்பா. மாமாவோ ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு மரப்பெட்டி செய்யப்போவதாகச் சொன்னார். மாமா அதுவரை தம் கையால் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை. அதை நினைவுபடுத்தும் அளவுக்குக் கெட்ட மனசு எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

எங்கள் வீடு பலகை வீடு. கால் நட்டு, ஆள் குனிந்து போகிற உயரத்தில் கட்டியது. அந்த அடிப்பகுதி மாமாவின் பட்டறை ஆயிற்று. வாப்பாவின் கடைக்குப் பால் டின் வந்த பெட்டிகளும் தேயிலை வந்த பெட்டிகளும் பலகையாக மாறின. பிடுங்கிய ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது பிள்ளைகளின் வேலை. ஆணியைவிட எங்கள் கட்டைவிரல்கள்தாம் அதிகம் அடிபட்டன. முதல் பெட்டிக்கு மாமா பலகையின் கனத்தைக் கணக்கில் சேர்க்க மறந்து மூடியை உள்ளளவுக்கு அறுத்துவிட்டார். மூடினால் மூடி பெட்டிக்குள்ளேயே போய் விழுந்தது. மாமா அசரவில்லை. தொப்பி வைப்பதற்கான தட்டு அது என்று சொல்லி, மேலே போடுவதற்கு இன்னொரு மூடி செய்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு எல்லாப் பெட்டிக்குள்ளும் ஒரு மூடி விழும்படியே செய்தார்.

சம்பான் படகுக்குப் பூசி மிஞ்சிய பச்சைச் சாயத்தை எல்லாவற்றுக்கும் அடித்தார். படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காக மூடிமேல் படம் எழுதினார். பாஷாவுக்குத் தலைப்பாகை, அரபிக்கு ஒட்டகம், எனக்கு நங்கூரம். ஒட்டகத்தைப் பார்த்தவர்கள் ஆடு என்றார்கள். எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களுக்கு அடியில் சார்டின் டின்னை வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினார். பூச்சி வராமல் இருக்க உடுப்புகளுக்கு நடுவே கடையிலிருந்து கிராம்பையும் மிளகையும் பட்டையையும் அள்ளிப் போட்டார். அந்த மொகரத்தில் எங்கள் கூட்டம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் யார் வீட்டிலோ நெய்ச்சோறு ஆக்குகிறார்கள் என்று ஜனங்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

பெட்டி வேலை பாதியில் இருக்கும்போது கடலுக்கு அக்கரையில் இருந்த கெப்பாலா பத்தாஸிலிருந்து மாமி வந்தார். மாமி வாப்பாவின் அக்கா. அவர் பேசுவதற்கு வாயைத் திறந்தாலே வாப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். துவைத்த உடுப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. மாமி கப்பித்தான் காற்சட்டையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எனக்குப் பதினொன்று நடந்துகொண்டிருந்தது. பிறகு உம்மாவை அழைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

மாமி பேசியது சந்து முழுக்கக் கேட்டது. பெண் பிள்ளை வளர்ந்துவிட்டாள், இனியும் ஆண் பிள்ளை உடுப்பில் தெருத்தெருவாகப் பாடவிட்டால் நாளைக்கு யார் வீட்டிலிருந்து பெண் கேட்டு வருவார்கள், தம் வீட்டுப் பெண்கள் எல்லாம் இந்த வயதில் வாசற்படி தாண்டினார்களா? வாப்பா அக்கா சொல்வது சரி என்றார். மாமா, சின்னப் பிள்ளைதானே, இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றார். வாப்பா அதுவும் சரி என்றார். வாப்பா எப்போதும் கடைசியாகப் பேசியவர் பக்கம்.

பிறகு உம்மா ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

“பெட்டி செஞ்சு முடி, தம்பி. எல்லாத்தையும் நானே வச்சுப் பூட்டுறேன். மொகரத்துக்குத் தொறந்து போட்டுப் பாப்போம். போன வருசத்து உடுப்பு அவளுக்கு அப்புடியே சரியா இருந்தா போகட்டும். பத்தலன்னா வீட்டோட இருக்கட்டும். நான் மடிப்ப அவுத்து எறக்கித் தர மாட்டேன்.”

வளரும் பிள்ளை என்பதால் காற்சட்டை ஓரத்திலும் கோட்டுக் கையிலும் உம்மா துணியை நிறைய உள்ளே மடித்துத்தான் தைத்திருந்தாள். அதை இறக்கினால் நான் இன்னும் இரண்டு வருஷம் கப்பல் ஓட்டலாம். இறக்க மாட்டேன் என்றால் என் கதை முடிந்தது என்று அர்த்தம். எனக்கு மட்டும் அது விளங்கவில்லை. துணி பத்துவதும் பத்தாததும் அல்லாஹ்வின் செயல், இதில் சண்டை எதற்கு என்று இருந்தேன். மாமிக்குத் தீர்ப்பு மிகவும் பிடித்துப்போனது. போகாதே என்று பெண்ணிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை, உடுப்பே சொல்லிவிடும் என்று மெச்சினார். உடுப்பு கொடியிலேயே கிடக்கிறதே, இப்போதே போட்டுப் பார்த்தால் என்ன என்று ஏனோ அவருக்கும் தோன்றவில்லை.

மாமா மற்ற பெட்டிகளை இரண்டொரு நாளில் முடித்தார். நங்கூரம் எழுதிய பெட்டிக்கு மட்டும் அதிக நாள் எடுத்துக்கொண்டார். நல்ல பூட்டாக வாங்கி மாட்டி உம்மாவிடம் இழுத்துப் பார்க்கச் சொன்னார். உம்மா இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்புக் கொத்தில் சேர்த்துக்கொண்டாள்.

அந்தப் பெட்டியின் முதுகுப் பலகையில் ஆணியே கிடையாது. இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டி, மேலே இழுத்தால் கழன்று வரும்படி சொருகியிருந்தார். பல வருஷங்கள் கழித்து, நான் பிள்ளை குட்டி பெற்ற பிறகு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர மாமா இதை என்னிடம் சொன்னார். ஒரு நாள் எல்லாரும் பகல் தூக்கத்தில் இருந்தபோது பலகையைக் கழற்றி உடுப்பை எடுத்துக் கிட்டங்கிக்குக் கொண்டுபோயிருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்திருக்கிறார். பழைய மடிப்பின் கோடு தெரியாமலிருக்கக் கஞ்சி போட்டு, மேலே ஒரு ரங்கூன் அரிசி மூட்டையை ஏற்றி அழுத்தி, மறுநாளே கொண்டுவந்து பெட்டியில் வைத்துவிட்டார். தம்முடைய அக்காவை வாழ்க்கையில் தாம் ஏமாற்றியது அந்த ஒரு முறைதான் என்று மாமா சொன்னார். அதில் அவருக்கு அத்தனை பெருமை.

மொகரப் பிறை தெரிந்த மறுநாள் மாமி முதல் படகிலேயே வந்து இறங்கிவிட்டார். சாயங்காலம் பிள்ளைகள் எல்லாரும் வேஷத்தோடு வீட்டின் அடியில் நின்றார்கள். மேலே வீட்டுக்குள் உம்மா பூட்டைத் திறந்து, கிராம்பையும் மிளகையும் உதறி, உடுப்பை என்னிடம் கொடுத்தாள். நான் உள்ளே போய் மாட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

காற்சட்டை கணுக்கால்வரை நின்றது. கோட்டுக் கை மணிக்கட்டில் வந்து முடிந்தது. அளவெடுத்து அன்றைக்குத் தைத்ததுபோல் இருந்தது. பார்க்க மேலே ஏறி வந்திருந்த தம்பி வாயைப் பிளந்தான். அவனுடைய பாஷா காற்சட்டை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டிருந்தது. மாமா எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி நம்பவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் கால் பக்கம் குனிந்தார். அவருக்கு முன்னால் உம்மா குனிந்துவிட்டாள். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். தையலை விரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்து மாமியிடம், “அளவு சரியாத்தான் இருக்கு மச்சி” என்றாள். என் பக்கம் திரும்பி, “கழட்டு, ஓரத்துல நூலு தொங்குது” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே பிள்ளைகள் தம்பட்டம் தட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் கைலியைக் கட்டிக்கொண்டு நிற்க, உம்மா சன்னல் பக்கம் போய், மாமிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். ஒரு நூல்தான் தொங்குகிறது என்றாள், ஆனால் ஓரம் முழுவதையும் பிரித்தாள். பெரிது பெரிதாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போன தையல் அது. அரிசி மூட்டை வாயில் அப்படித்தான் இருக்கும். பிரித்த நூலை உருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். பிறகு அதே அளவில் மடித்து, எறும்பு வரிசைபோலத் தன் தையலைப் போட்டாள். இரண்டு காலுக்கும் போட்டாள், இரண்டு கைக்கும் போட்டாள்.

ஒரு நூலுக்கா இவ்வளவு நேரம் என்று மாமி அலுத்துக்கொண்டார்.

“ரோட்டுல ஆடுற புள்ள. தடுக்கி விழுந்துறக் கூடாதுல்ல” என்றாள் உம்மா, தலையை நிமிர்த்தாமல்.

மாமாவுக்கு வேறு தையல் தெரியாது. அந்தத் தையலை அவர் அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அன்றைக்கு மாமா ஏற்கெனவே கீழே இறங்கித் தம்பட்டத்தோடு சேர்ந்துகொண்டுவிட்டார். உம்மா பிரித்துத் தைத்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது. அவர் எனக்குக் கதை சொல்லிச் சிரித்தபோது உம்மா மவுத்தாகி வெகுநாள் ஆகியிருந்தது. பெருமையைக் கெடுக்க மனமில்லாமல் நானும் சேர்ந்து சிரித்தேன்.

பத்து நாளும் போனேன். டிராம் வண்டியைக் கேலி செய்து மாமா கட்டிய பாட்டைத் தெருத்தெருவாகப் பாடினேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னால் பாடியதில்லை, பிறகு பாடவும் இல்லை. அடுத்த மொகரத்துக்குள் நான் பெரியவளாகி வீட்டோடு ஆகிவிட்டேன். கப்பித்தான் உடுப்பு தம்பிக்குப் போயிற்று.

ஆனால் கடைசி நாள் பாடி முடித்து வந்தபோது எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்கு இருந்த துக்கமே வேறு. பத்து நாளாகத் தம்பி என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தான். சந்தில் எல்லாருக்கும் உடுப்பு குட்டையாகிவிட்டது, லாத்தா மட்டும் வளரவே இல்லை, இனிமேலும் வளராது என்று பாட்டாகவே கட்டிவிட்டான். அக்காவை எங்கள் வீட்டில் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு அவன் பாடியதும் என்னால் தாங்க முடியவில்லை. உம்மா உடுப்புகளை மடித்துப் பெட்டிகளில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அவள் மடியில் விழுந்து அழுதேன். நான் ஏன் உம்மா வளரவில்லை என்று கேட்டேன். எனக்கு ஏதாவது நோயா என்று கேட்டேன். பால் குடிக்கிறேன், முட்டை தின்கிறேன், எனக்கும் வளர வேண்டும் என்று தேம்பினேன்.

உம்மா மடித்துக்கொண்டிருந்த உடுப்பைக் கீழே வைத்தாள். தொப்பியைக் கழற்றி, சடையை அவிழ்த்து, விரலால் கோதிக்கொண்டே இருந்தாள்.

“வளந்துருவே” என்றாள். “நீ கேக்காமலே வளந்துருவே.”

நிமிர்ந்து பார்த்தால் கண் கலங்கியிருந்தது. நான் வளராமல் போய்விட்டேனே என்ற கவலை உம்மாவுக்கும் இருக்கிறது, பாவம், வெளியே சொல்லாமல் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் அழுதேன்.