எண்ணாமல் விட்ட ஆணி

பழனி மலைக்கு எத்தனை படி என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். நான் ஒரே ஒரு முறைதான் எண்ணத் தொடங்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது படியில் மாமா உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்து நடந்தபோது எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. அதற்குப் பிறகு பதினோரு முறை பழனிக்குப் போயிருக்கிறேன். பதினோரு முறையும் விஞ்ச் வண்டியில்தான் ஏறினேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது, எனக்கு ஒன்பது. கொடைக்கானல் ஏரிக்கரையில் ஆறு மட்டக்குதிரைகளை வைத்துக்கொண்டு, சீசனுக்கு வருகிறவர்களை ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டுவதுதான் அவர் தொழில். ஆறில் ஒன்றுக்கு ஒரு கண் தெரியாது. அதை மட்டும் "மெட்ராஸ் ரேஸ்ல ஓடி ஓய்வெடுக்க வந்ததுங்க" என்று சொல்லி ஏற்றுவார். கடிக்குமா என்று பயந்து கேட்கிற அம்மாள்களிடம், "கடிக்காதுங்கம்மா, சுத்த சைவம்" என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்தால் "சிட் ஸ்ட்ரெயிட், டோன்ட் ஃபியர்" என்று நாலே வார்த்தையில் காரியத்தை முடிப்பார்.

அவருக்கு ஒரு ஜீப் வாங்க வேண்டும் என்று ஆசை. லாயத்தின் மூலையில் ஒரு கம்பை நட்டு, பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கம்பை இழுத்து இழுத்து கியர் போட்டுப் பழகுவார். வாயாலேயே எஞ்சின் சத்தம் வரும். நான் பின்னால் உட்கார்ந்து வளைவுகளை எண்ணுவேன். "பதினேழாவது வளைவு, மாமா" என்றால், உடனே உடம்பைச் சாய்த்துத் திருப்புவார். ஒரு நாள் நான் சொன்ன வளைவுக்குத் திரும்பாததால் இருவரும் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனதாக வைத்துக்கொண்டு, வைக்கோலில் ரொம்ப நேரம் கிடந்தோம்.

முந்தின வருடம் எனக்கு டைபாய்டு வந்து இருபத்தொரு நாள் படுத்திருந்தேன். பத்தொன்பதாம் நாள், நான் பிழைத்தால் என்னையும் கூட்டிக்கொண்டு பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்து, மலையிலிருந்து நடந்தே வருவதாக மாமா முருகனுக்கு வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன். அப்பா அதை மருந்தால் என்றார், அம்மா முருகனால் என்றாள். மாமா சண்டையில் சேரவில்லை. மாலை போட்டார், பீடியை விட்டார், செருப்பைக் கழற்றி வைத்தார்.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை அது நடந்தது. சீசன் வருகிறதே என்று குதிரைகளுக்குப் புது லாடம் அடித்திருந்தார்கள். கழற்றிப் போட்ட பழைய லாடங்கள் வைக்கோலுக்குள் கிடந்தன. வெறுங்காலோடு லாயத்துக்குள் போன மாமா "ஸ்" என்று நின்றார். வலது உள்ளங்காலில் லாடத்தோடு ஆணி ஏறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அப்போது அங்கே இருந்தவன் நான் ஒருவன்தான்.

"மாப்ள, சாமி மாடத்துல துன்னூறு கெடக்கும், ஒரு பிடி அள்ளிட்டு வா. வெரசா."

ஓடிப்போய் அள்ளி வந்தேன். அதை ஓட்டையில் வைத்து அழுத்தினார். ஆணி எவ்வளவு ஆழம் போனது என்று கேட்டேன்.

"உன் சுண்டு விரல்ல பாதி. எழுதி வச்சுக்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்காகிட்ட சொல்லிராத. சொன்னா என்னைய விடமாட்டா. நான் போகலேன்னா நீயும் இங்கதான் கெடப்ப" என்றார்.

கடைசி வாக்கியம் ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. நான் பழனியைப் பார்த்ததே இல்லை. அந்தப் பயணத்துக்காக நாற்பத்தாறு நாள் எண்ணியிருந்தேன். மாமாமேல் இருந்த பிரியத்தால் வாயை மூடிக்கொண்டேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை.

வியாழக்கிழமை வெள்ளனே புறப்பட்டுப் பள்ளங்கி வழியாகக் குதிரைப் பாதையில் இறங்கினோம். முதல் நாள் மாமா குதிகாலை ஊன்றாமல் நடந்தார். மறுநாள் ஓட்டை மூடிக்கொண்டது. சரிவில் காவடியோடு என்னை முந்திக்கொண்டு ஓடக்கூடச் செய்தார். ஆணி விஷயம் அத்தோடு முடிந்துபோனது என்று நானும் அதை விட்டுவிட்டேன்.

அடிவாரம் நெருங்கும்போது ஒருவர் வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு உதடுகளையும் சேர்த்துச் சிறிய வெள்ளி வேல் குத்தியிருந்தது. மலையேறி அதைக் கழற்றுகிறவரை பேசுவதில்லை என்பது அவருடைய நேர்த்திக்கடன். மாமா என் காதருகே குனிந்து, "அக்காவுக்கும் இப்படி ஒண்ணு மாட்டினா மச்சான் நிம்மதியா பேப்பர் படிப்பாரு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு முன்பு மாமா ஒரு பாறைக்குப் பின்னால் போய் இரண்டு பீடியும் பிடித்திருந்தார். அதையும் பார்த்துவைத்திருந்தேன்.

சனிக்கிழமை காவடியைச் செலுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை வத்தலகுண்டில் பஸ் மாறி வீடு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா இட்லி வைத்தாள். மாமா ஒரு துண்டைப் பிட்டு வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். வாய் திறக்கவில்லை. முகம் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது. ஏதோ புதிய வேடிக்கை என்று நினைத்து நானும் அதேபோல் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அவர் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன. அவை சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றார் அப்பா.

"இருங்க. சாமிக்குப் போயிட்டு வந்தவனுக்கு வாயைக் கட்டுதுன்னா டாக்டர் சோலியா இது? வழியில என்னமோ குத்தம் நடந்திருக்கு." அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏலே, நீதான எல்லாத்தையும் எண்ணுவ. மாமா என்ன தப்பு செஞ்சான்? ஒண்ணு விடாம சொல்லு."

அம்மா என்னை மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. விரலை மடக்கிச் சொன்னேன்.

"பீடி ரெண்டு. வாய்ப்பூட்டு போட்டவரைப் பாத்துக் கேலி ஒண்ணு."

"என்ன கேலி?"

சொன்னேன். அம்மா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா ஏதோ சொல்ல வந்து, தன் பெயரும் அந்தக் கேலியில் இருந்ததாலோ என்னவோ, சொல்லாமல் விட்டார். கட்டிலிலிருந்து மாமாவே கடித்த பல்லுக்கு இடையில், "ஆமாக்கா, சொன்னேன்" என்றார். அவரும் நம்பிவிட்டார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

ஆணியை நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைத்ததல்ல. அம்மா கேட்டது தப்புகளை. ஆணி குத்தியது மாமாவின் தப்பு இல்லையே. அது இந்தப் பட்டியலில் வராது என்று நினைத்தேன்.

மூன்று நாள் முருகனுக்குப் பாலாபிஷேகம் நடந்தது. மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்கள். அடுத்த பங்குனிக்கு மாமா வாய்ப்பூட்டு போட்டு வருவார் என்று அம்மா அவர் சார்பில் வேண்டிக்கொண்டாள். அப்பா காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஆஸ்பத்திரி என்பார். ஆறாவது தடவை சொல்லும்போது மாமாவின் முதுகு வில்லாக வளைந்து, குதிகாலும் பிடரியும் மட்டும் கட்டிலில் பட்டன. அம்மா அதன் பிறகு தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எஸ்டேட் ஜீப் ஒன்றைக் கேட்டு வாங்கி அவரைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். மாமா ஏறிய ஜீப் அது ஒன்றுதான். வெளிச்சம் பட்டாலே உடம்பு தூக்கிப்போட்டது. அதனால் கண்ணைத் துணியால் மூடியிருந்தார்கள். நான் காலடியில் உட்கார்ந்து வழக்கம்போல வளைவுகளை எண்ணினேன். ஐந்து.

ஆஸ்பத்திரியில் மாமா இரண்டு நாள் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். ஆறு குதிரைகளையும் ஒரே வாரத்தில் விற்றார்கள். கியர்க் கம்பு மட்டும் லாயத்தில் நின்றது. அதைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மா அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் இருந்தாள். பழனி என்ற பேச்சை அவள் எடுத்ததில்லை. ஆணியைப் பற்றி ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவுமில்லை. கேட்டிருக்கலாம்.

பெரியவனான பிறகு நான்கு டாக்டர்களிடம் விசாரித்தேன். ஆணி குத்திய அன்றே ஊசி போட்டிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று இருவர் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை போயிருந்தாலும் சொல்வதற்கில்லை, ஆனால் வாய்ப்பு இருந்தது என்றார் மூன்றாமவர். நான்காமவர், இத்தனை வருடம் கழித்து எதற்கு இது என்று கேட்டார். மாமாவைவிட மூன்று மடங்குக்கும் மேல் வாழ்ந்துவிட்டேன். அவர் வேண்டிக்கொண்டது எனக்காக. செருப்பைக் கழற்றியதும் எனக்காகத்தான்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமாவின் தாடையைத் தொட்டுப் பார்த்ததும், "உடம்புல எங்கயாவது காயம் பட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் அம்மா.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. முள்ளு, தகரம், ஆணி?"

"ஒண்ணும் இல்லீங்க. கோயிலுக்குப் போயிட்டு வந்தான், அவ்வளவுதான்."

நான் முன்னால் போய் நின்றேன். "லாட ஆணி. வலது கால்ல. சுண்டு விரல்ல பாதி ஆழம்" என்றேன்.

டாக்டர் காலை மூடியிருந்த துணியை விலக்கி உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். திருநீற்றின் சாம்பல் நிறம் இன்னும் ஒரு புள்ளியாக அங்கே இருந்தது. மெதுவாக என்னிடம் குனிந்து, "எத்தனை நாளாச்சு, தம்பி?" என்றார்.

"பன்னிரண்டு நாள். குத்தின நாளையும் சேர்த்து."

அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறையில் சரியான எண்ணிக்கை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.