ஆறு மணிக்கு முன்னால் கூப்பிடக் கூடாது

சென்ற மாதம் மேகாலயாவில் ஒரு குகைக்குள் இறங்கும் முன் என் மகள் போனில் எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள்.

"சாயங்காலம் ஆறுக்குள்ள நான் வெளிய வந்துட்டேன்னு மெசேஜ் வரும். வரலன்னா மட்டும் கேம்ப்புக்கு போன் பண்ணுங்கப்பா, கயிறோட தேட வருவாங்க. ஆறுக்கு முன்னால பண்ணாதீங்க."

இதுவரை யாரும் போகாத குகைகளை அளந்து வரைபடம் போடும் குழுவில் அவள் இருக்கிறாள். வெளியே ஒருவர் நேரம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்த ஒருவர் நான் என்பதில் எனக்குப் பெருமை.

ஐந்து மணிக்கு, தொம்மலூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்காகப் பாறையை உடைத்தார்கள். தரை அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அடுத்த நொடி வெறுங்காலோடு தெருவில் நின்றேன். நான் வளர்ந்தது கோலார் தங்கவயலில். அங்கே பூமி அதிர்ந்தால், கீழே பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். எல்லா வீடுகளிலிருந்தும் சுரங்க வாசலுக்கு ஓடுவோம். அப்பா கீழே இருப்பார். ஒவ்வொரு முறையும் ஏறி வந்துவிட்டார். இருந்தும் ஓடுவதை நாங்கள் நிறுத்தியதில்லை.

பின்னாலேயே வந்த என் மனைவி கேட்டாள்: "பொண்ணு மேகாலயாவுல இருக்கா. நீங்க தொம்மலூர்ல எங்க ஓடறீங்க?"

தெருவில் நின்றபடியே முகாமுக்கு போன் செய்தேன். ஒரு மணி நேரம் முன்னதாக.

அங்கே இரண்டு பேர் சமையலை அப்படியே விட்டுவிட்டுக் கயிற்றோடு ஓடியிருக்கிறார்கள். குகை வாசலில் என் மகள் சேறும் சிரிப்புமாக வெளியே வந்துகொண்டிருந்தாளாம். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கூப்பிட்டாள்.

"அப்பா! உள்ள ஒரு பெரிய ஹால்! எங்க லைட் எதிர்ச் சுவர் வரைக்கும் எட்டவே இல்ல! யாருமே கால் வைக்காத இடம்ப்பா!"

திட்டு அதற்குப் பிறகுதான் வந்தது. "இப்படிப் பண்ணா அடுத்த தடவை வேற யாரையாவது போட்டுடுவேன்."

அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

போன ஞாயிறு சிவாஜிநகரில் ஒரு சின்ன மண்டபத்தில் தங்கவயல் குடும்பங்கள் கூடி, புதிய இடங்களைத் தேடிப் போகும் பிள்ளைகளுக்குச் சால்வை போட்டார்கள். கடலடியில் படமெடுக்கும் ஒரு பையன், பனிமலை ஏறும் ஒரு பெண், என் மகள். அவள் மைக்கைப் பிடித்ததும் முன்வரிசையில் இருந்த பழைய சுரங்கத் தொழிலாளிகள் அவளைப் பேசவே விடவில்லை.

"காத்து எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சும்மா?"

"மேல்பாறையத் தட்டிப் பாத்தியா? கணீர்னு கேட்டுச்சா, பொத்துனு கேட்டுச்சா?"

"கணீர்னுதான் தாத்தா. பொத்துனு கேட்டா அங்க நிக்கவே மாட்டோம்."

"அப்ப நீ நம்ம ஆளு!"

மண்டபமே அதிரக் கைதட்டினார்கள். என் அப்பாவும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு பாறைக்கு அடியில் நிற்பார். உள்ளங்கை எரியும்வரை நானும் தட்டினேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் போனில் அடுத்த பயணத்துக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"வெளிய உக்கார்றவங்க பேரு கேக்கறாங்க. அம்மாவப் போடட்டுமா?"

"அவ மதியம் தூங்கிடுவா."

"நீங்க தூங்கவே மாட்டீங்க. அதான் பிரச்சனை."

"என்னையே போடும்மா. சொன்ன நேரம் வரைக்கும் போனைத் தொட மாட்டேன்."

 அவள் என் பெயரையும் எண்ணையும் அடித்தாள்.

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

"மூணு நாள் உள்ளயே தங்கறோம்ப்பா. நாலாவது நாள் மதியம் ரெண்டு."

ஆட்டோ கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். "சரி, ரெண்டுன்னு போடு" என்றேன்.