மூழ்கிய கப்பலைக் கரை சேர்த்தேன்

ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கப்பலின் தளத்தில் நீளவாக்கில் நான்கு தண்டவாளங்கள். இடப்பக்கத்தை முதலிலேயே முழுவதும் நிரப்பினால் கப்பல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் இடப்பக்கம் பாதி ஏற்றுவார்கள், பிறகு வலப்பக்கம் முழுவதும், கடைசியில் இடப்பக்கத்து மீதி. ஏற்றிய பெட்டிகளை அப்படியே விட முடியாது. ஒவ்வொன்றையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்பிரிங்குகள் ஆடாதபடி இறுக்கி, சங்கிலியால் தண்டவாளத்தோடு பிணைக்க வேண்டும்.

என் மகளுக்கு இது ஏழு வயதில் தெரிந்துவிட்டது. நான் சிவில் இன்ஜினியரிங் படித்தவள்; எனக்கே முப்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. சிட்னியில் குழந்தைகள் வார்டு ஒன்றில் ஐந்து வாரம் இருந்தபோது, பக்கம் பக்கமாகப் படித்து இருவரும் தெரிந்துகொண்டோம்.

பள்ளியில் தொங்கி விளையாடும் மங்கி பாரிலிருந்து விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. பாராசிட்டமால் கொடுத்தேன். மறுநாள் லேசான காய்ச்சல். அன்று எனக்கு அலுவலகத்தில் தள்ளிப்போட முடியாத ஒரு மீட்டிங். மருந்தைக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் காலை அவளால் பாதத்தைத் தரையில் வைக்க முடியவில்லை. எலும்புக்குள் கிருமி புகுந்து சீழ் கட்டியிருந்தது. ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அவர் சொல்ல முடியாது என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

முதல் ஆபரேஷனுக்கு முன் அவளிடம், "வலிக்கவே வலிக்காதுடா. தூங்கி எழுந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றேன். எலும்பைத் திறந்து கழுவிவிட்டுக் கொண்டுவந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ்கள் இருவர் ஓடிவந்தார்கள். அழுது ஓய்ந்த பிறகு என்னைப் பார்த்தாள். ஆறேழு நாளில் மறுபடி சீழ் சேர்ந்தது.

புத்தகம் அந்த நாட்களில்தான் வந்தது. வாரம் இரு முறை தன்னார்வலர்கள் ஒரு தள்ளுவண்டியில் புத்தகங்கள் கொண்டுவருவார்கள். குழந்தைகள் புத்தகங்களையெல்லாம் விட்டுவிட்டு, கீழ்த்தட்டில் யாரோ கொடுத்துவிட்டுப் போயிருந்த கெட்டி அட்டைப் புத்தகத்தை அவள் எடுத்தாள். அட்டையில் பனிக்கட்டிக்கு நடுவே ஒரு கறுப்புக் கப்பல். அதன் பின்பக்கம் வாய் மாதிரித் திறந்திருக்க, ஒரு சரக்குப் பெட்டி பாதி உள்ளே போயிருந்தது. நீளக் கோட்டு போட்ட ஆட்கள் பனிக்கட்டிமேல் நின்றார்கள்.

"அம்மா, ரயில் கப்பலைச் சாப்பிடுதா? கப்பல் ரயிலைச் சாப்பிடுதா?"

வட அமெரிக்காவில், கடல் போல விரிந்த ஏரிகளில் ஓடிய ஒரு கப்பல் சேவையின் வரலாறு அது. இந்தக் கரையோடு தண்டவாளம் நின்றுவிடும். அந்தக் கரையில் மறுபடி தொடங்கும். நடுவில் பாலம் இல்லை. கோதுமையும் மரமும் நிலக்கரியும் ஏற்றிய பெட்டிகளை அப்படியே கப்பலில் தள்ளி அக்கரை சேர்த்தார்கள். குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும். ரயில் நிற்க முடியாது என்பதால் கப்பலும் நிற்க முடியாது. அதற்காக முன்பக்கத்திலும் ஒரு புரொப்பெல்லர் வைத்துக் கப்பல் கட்டினார்கள். அது பனிக்கட்டிக்கு அடியிலிருக்கும் நீரை இழுத்துவிடும். அடியில் தாங்கல் இல்லாத பனிக்கட்டியின்மேல் கப்பல் தன் எடையோடு ஏறும்போது அது உடையும்.

எங்கள் வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். ஆஸ்பத்திரியிலும் அதை விடவில்லை. ஆங்கிலத்தில் கண்ணால் படித்துக்கொண்டே தமிழில் சொல்வேன். அவள் கஸ்டர்டின்மேல் படிந்த ஆடையைக் கரண்டியால் உடைத்துப் பனிக்கட்டி என்பாள். மாத்திரை கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் கப்புகளைச் சாப்பாட்டுத் தட்டில் வரிசையாக அடுக்குவாள். இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் முழுவதும்.

சாப்பாடு கொண்டுவருபவர் இலங்கை மன்னாரைச் சேர்ந்த ஒரு ஆன்ட்டி; அவர் ஊர் வழக்கில் அன்ரி. தட்டை எடுக்க வந்தால் கப்பல் புறப்படும்வரை காத்திருப்பார்.

"எங்கட தலைமன்னாரிலயும் ரயில் கப்பலடி வரைக்கும் போகும் பிள்ளை. ஆனா கப்பலுக்குள்ள ஏறாது. நாங்கள்தான் இறங்கி ஏற வேணும்."

"ஒய் நாட்?" என்பாள் என் மகள்.

"ரயிலுக்கு டிக்கெட் எடுக்கேல்லைப் போல."

புத்தகம் அவ்வளவு இனிமையானது இல்லை. பனிக்கட்டியில் சிக்கி நாள்கணக்கில் நின்ற கப்பல்கள் அதில் உண்டு. நிலக்கரி தீர்ந்து, தளத்து மரங்களை உடைத்து எரித்தவர்கள் உண்டு. ஏணி வைத்து இறங்கி, உறைந்த ஏரிமேல் நடந்து கரைக்குப் போனவர்களில் சிலர் போய்ச் சேரவில்லை. நான் தமிழில் சொன்னபோது எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் சூடாக சூப் குடித்தார்கள்.

பிறகு ஓர் அத்தியாயம் முழுக்க ஒரே கப்பல். டிசம்பரில், புயல் கிளம்பும் நேரத்தில், பெட்டிகளோடு புறப்பட்ட கப்பல். மௌனமாக முதல் பக்கத்தைப் படித்ததுமே புரிந்துவிட்டது. கண் ஓடிக்கொண்டிருக்க, வாய் வேறொன்றைச் சொன்னது. காற்று பலமாக அடித்தது, கேப்டன் கெட்டிக்காரர், ஒரு நாள் தாமதமாக அக்கரை சேர்ந்தது என்று பத்துப் பக்கத்தை நான்கு வாக்கியத்தில் முடித்தேன்.

"அவ்வளவுதானா? இது லாங் சாப்டர் ஆச்சே."

"மீதியெல்லாம் இன்ஜின் பத்தி."

நோயாளி படுத்திருக்கும் இடத்தில் கெட்டதைப் பேசக் கூடாது என்று வளர்ந்தவள் நான். நோயாளியிடம் மட்டுமில்லை, யாரிடம் எதைச் சொன்னால் தாங்கமாட்டார்களோ அவர்களிடமும். திருச்சியில் என் அப்பா இறந்தபோது, அண்ணன் எனக்கு போன் செய்து, "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா" என்றான். நான் அப்போது நான்கு மாதம் கர்ப்பம். விமானத்தில் பதினைந்து மணி நேரம் வேண்டிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி ஏ.சி.யில் அவருக்குக் குளிரும் என்று கம்பளிச் சாக்ஸ் வாங்கியிருந்தேன். தெருமுனையில் டாக்ஸி திரும்பியதும் பந்தல் தெரிந்தது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டாக்ஸி டிரைவருக்குக்கூட அண்ணன் சொல்லியிருந்தான். அவர் வழியெல்லாம் என்னிடம் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அண்ணன் சொல்லும் எதையும் நான் ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்க்கிறேன். அம்மாவுக்குச் சளி என்றால்கூட, பக்கத்து வீட்டுக்கு போன் செய்து கேட்கிறேன்.

இதை மறந்தேன் என்று சொல்ல முடியாது. கப்பலைக் கரை சேர்த்தபோதே ஞாபகம் இருந்தது. குழந்தை வேறு, நான் வேறு என்று சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சர்ஜன் என்னையும் என் கணவரையும் தனி அறைக்குக் கூப்பிட்டார். வியாழக்கிழமை இன்னொரு ஆபரேஷன். கிருமி எலும்பின் முனையில், அது நீளமாக வளர்கிற தட்டு வரை போயிருக்கிறது. அந்தக் கால் இனி மற்றதுபோல வளராமல் போகலாம், எவ்வளவு குறையும் என்று இப்போது தெரியாது என்றார். வெளியே வந்ததும் என் கணவர், "அவகிட்ட கால் பத்தி இப்ப எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார். நான் தலையாட்டினேன். மதுரையிலிருந்து மாமியார் வீடியோ காலில் வந்து, "எல்லாம் சரியாயிடும்னு சொல்லு. குழந்தை முன்னாடி மூஞ்சியத் தொங்கப் போடாத" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

புதன்கிழமை மதியம் நான் குளித்துவிட்டு வரும்போது அன்ரி கட்டில் அருகே நின்றிருந்தார். மகளின் மடியில் புத்தகம், கடைசிப் பக்கங்கள் திறந்தபடி. அங்கே கப்பல்களின் பட்டியல் இருந்தது: எப்போது கட்டியது, கடைசியில் என்ன ஆனது. நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. ஏழு வயதுக் குழந்தை, மூழ்கியது என்ற அந்த ஆங்கில வார்த்தையை எழுத்துக்கூட்டாமலே படிப்பாள்.

"அம்மா, இட் சேங்க்."

நான் அன்ரியைப் பார்த்தேன்.

"பிள்ளை உண்மையோ எண்டு கேட்டது. நான் வாசிச்சுப் பாத்திட்டு, ஓம், மூழ்கினதுதான் எண்டு சொன்னனான்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "நீங்கள் வேற மாதிரிச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது, தங்கச்சி."

"பரவாயில்ல அன்ரி" என்றேன். உள்ளுக்குள் அவர்மேல் கோபம் வந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

"எல்லாரும் செத்துட்டாங்களா?" என்று மகள் கேட்டாள்.

"ஆமா."

"நீ லேட்டா வந்துச்சுன்னு சொன்ன."

"நீ பயந்துருவேன்னு..."

"நாளைக்குப் பண்ற ஆபரேஷன் பத்தியும் நீ அப்படித்தான் சொல்வியா?"

கேட்டுவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கால் கட்டோடு திரும்ப அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. உதவப் போனேன். "ஐ கேன் டூ இட்" என்றாள். மாலையில் பிளட் பிரஷர் பார்க்க வந்த நர்ஸிடம், சர்ஜன் மறுபடி வருவாரா, அவரிடம் தான் தனியாகப் பேசலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்கு என் கணவர் வேலையிலிருந்து நேராக வந்தார். நான் புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தைத் திறந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன பண்ற நீ? நாளைக்குக் காலைல ஆபரேஷன் தியேட்டருக்குப் போறா."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இது? வேற கதையா இல்ல உலகத்துல?"

"இதைத்தாங்க நான் தப்பாச் சொன்னேன்."

சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு வாக்கியத்தையும் விடாமல் படித்தேன். கப்பலின் பின்பக்கம் அடைப்பு இல்லாமல் திறந்தே இருந்தது. அதன் வழியாக அலை உள்ளே ஏறியது. சங்கிலிகள் அறுந்து, பெட்டிகள் தளத்தில் முன்னும் பின்னும் உருண்டன. துறைமுகத்தின் வாசல்வரை வந்தும் அலையில் நுழைய முடியாமல் திரும்பிப் போனது. கரையில் இருந்தவர்கள் அதன் சங்கொலியைக் கேட்டார்கள், வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. சில நாள் கழித்து ஒரு படகு மட்டும் கிடைத்தது. அதில் உட்கார்ந்தபடியே உறைந்துபோயிருந்தவர்கள் சமையல்காரரும் இன்ஜின் அறை ஆட்களும். அதற்குப் பிறகு கட்டிய கப்பல்களுக்குப் பின்பக்கம் இரும்புக் கதவு வைத்தார்கள். பாலங்களும் லாரிகளும் வந்து சேவை முடியும்வரை கப்பல்கள் பனிக்கட்டியில் போய்க்கொண்டுதான் இருந்தன.

என் கணவர் ஜன்னல் பக்கம் போய் நின்றிருந்தார்.

"முன்னாடியே கதவு வைக்கணும்னு யாருக்கும் தோணலையா?" என்றாள்.

"தோணியிருக்கும். வைக்கல."

கொஞ்ச நேரம் கப்புகளை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நாளைக்கு வலிக்குமா?"

"வலிக்கும். போன தடவை மாதிரியே. மருந்து கொடுப்பாங்க, அப்புறம் குறையும்."

"அதோட முடிஞ்சிருமா?"

"தெரியாது."

"வேற என்ன சொல்லாம இருக்க?"

என் கணவர் திரும்பினார். வேண்டாம் என்று அவர் கண் சொன்னது. சாக்ஸ் வைத்திருந்த பையோடு டாக்ஸியில் உட்கார்ந்திருந்தது எனக்குள் ஓடியது. "இந்தக் கால் கொஞ்சம் குட்டையா இருக்கலாம். இன்னொண்ணு அளவுக்கு வளராம போகலாம். எவ்வளவுன்னு டாக்டருக்கே தெரியல" என்றேன்.

அவள் அழவில்லை. போர்வையை விலக்கி இரண்டு கால்களையும் பார்த்தாள். பிறகு, "ஐ வான்ட் அப்பா" என்றாள். அவர் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுடா தங்கம்" என்று அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

காலையில், அவளுக்கு மயக்கம் வரும்வரை தியேட்டருக்குள் பெற்றோரில் ஒருவர்தான் கூட இருக்கலாம் என்றார்கள். யார் என்று அவளிடமே கேட்டார்கள். அப்பா என்றாள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் அவளிடம் வலிக்காது என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும், அவளுக்கு அதுவும் வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே, நான் செய்ததுதான் பெரிய தப்போ என்று நினைத்தேன். மூன்று மணி நேரம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். முடித்துவிட்டு சர்ஜன் வந்து எங்கள் இருவரிடமும் பேசினார்.

மயக்கம் தெளியும் அறையில் இருவரையும் விட்டார்கள். அவள் கண் திறந்ததும் என் கணவர் குனிந்து, "முடிஞ்சிருச்சுடா கண்ணு. எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தலையை மெல்லத் திருப்பி, கட்டிலின் மறுபக்கத்தில் என்னைத் தேடினாள்.

"முடிஞ்சுதாம்மா?"

"இல்ல. இன்னும் ஒரு தடவை இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் துடைக்கத் துடைக்க வந்தது. என் கையைத் தள்ளிவிடவில்லை.