அரணை கடித்த அண்ணை

அரணை கடித்தால் மரணம் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். பிறகெப்படி ஊரில் ஆட்கள் மிஞ்சினார்கள் என்றால் அதற்கும் பதில் உண்டு: கடிக்க வருகிற அரணை, வந்த காரியத்தை வழியிலேயே மறந்துவிடுமாம். விசர்க் கதை! அதற்கு நஞ்சே இல்லை என்று இப்போது பேரப்பிள்ளைகள் எனக்குப் படிப்பிக்கிறார்கள். அரிசிக்குக் கூப்பன் வந்த அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?

அரணைக்கு எங்கள் வேலிதான் சொர்க்கம். உக்கிய பனையோலை, கீழே சருகு, வேலிக்காலாய் நட்ட கதியாலடியில் ஈரம். வருடா வருடம் பழைய ஓலையைப் பிரித்து வேலி அடைக்கிற நாளில் குடும்பத்தோடு வெளியே ஓடும். அதே நாளில் பக்கத்து வளவுக்காரர் கதியாலை நாலு விரல் எங்கள் பக்கம் தள்ளி நடுவார். கேட்டால், "பழைய குழியிலைதான் நட்டனான், பிள்ளை" என்பார். பாவி மனுசன்! நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்கும் வேலிக்கும் இடையில் ஒரு சாண்தான் மிச்சம். இன்னும் மூன்று முறை வேலி அடைத்தால் மாம்பழம் அவருக்கு.

அந்த வருடம் அவர் ஓலைக்குள் கையை விட்டார். "ஐயோ, அரணை கடிச்சுப்போட்டுது!" என்று அலறிக்கொண்டு மாமரத்தடியில் விழுந்தார். விரலில் ஒரு சின்னச் சிவப்பு. அவர் மனைவி ஒப்பாரியே தொடங்கிவிட்டார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டார்.

"தம்பி, கண் இருட்டுது. பொய்யோடை போகேலாது. வருசா வருசம் நாலு விரல் தள்ளினனான். மாமரத்துக்கு அங்காலை ஒரு முழம் உங்கடை காணி. எடுங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கமா சந்தோஷமா என்று கேட்காதீர்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரருக்கு மனம் இளகிவிட்டது.

"நிம்மதியாய்ப் போங்கோ, அண்ணை. நானும் சுத்தமில்லை. வீட்டுக்குப் பின்னாலை, கோடிப்பக்க வேலியை உங்கடை பக்கம் தள்ளினனான்."

ஒப்பாரி நின்றது. செத்துக்கொண்டிருந்தவர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார்.

"எவ்வளவு?"

"ரெண்டு முழம் வரும், அண்ணை."

மனுசன் துள்ளி எழும்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோடிப்பக்கம் நடந்தார். விஷம் அவ்வளவு வேகமாக இறங்கியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மாமரம் எனக்கு மிஞ்சியது. கோடியில் நின்ற இரண்டு பனையும் அவருக்குப் போயின. மூன்று நாள் நான் என் வீட்டுக்காரரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தபோது வாய் பொறுக்கவில்லை.

"தள்ளினது போகட்டும். அந்தாள் சாகுமட்டும் பொறுத்திருக்கேலாதோ?"